பத்து வயதில் நின்றுபோகும் பென்சில்: குழந்தைகளுக்கு வரையச் சொல்லித்தருவது ஏன் முக்கியம்?

ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு பேப்பரையும் பென்சிலையும் கொடுத்து, 'ஒரு சீனரி வரைங்க' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் டிக் மார்க் போல நாலு பறவை. பெரும்பாலும் இதுதான் வரும்.

வரைந்தவர் வேளச்சேரி அபார்ட்மென்ட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். நாகப்பட்டினம் கடற்கரையில் வளர்ந்தவராகவும் இருக்கலாம். இப்படி ஒரு இடத்தை அவர் நேரில் பார்த்தே இருக்க மாட்டார். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் வரைந்த அதே படம் முப்பது வயதிலும் அப்படியே வருகிறது.

அவருடைய எழுத்து வளர்ந்தது, கணக்கு வளர்ந்தது. வரைவது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ஏன்?

கிறுக்கலும் ஒரு பாடம்தான்

இரண்டு வயதுக் குழந்தை சுவரில் கிறுக்கினால் வீட்டில் திட்டு விழும். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளிகளோடு பணியாற்றிய ரோடா கெல்லாக், அந்தக் கிறுக்கல்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். சுமார் பத்து லட்சம் படங்கள். அவற்றில் புள்ளி, கோடு, சுழி என்று 20 அடிப்படைக் கிறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருவதை அவர் அடையாளம் கண்டார். அந்தச் சுழி ஒருநாள் வட்டமாக மூடுகிறது. வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தால் கண். கீழே இரண்டு கோடு இழுத்தால் கால். அம்மா ரெடி!

கொஞ்சம் வளர்ந்த குழந்தை பஸ் வரைந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கூட வெளியே தெரியும். கர்ப்பிணி அம்மாவை வரைந்தால் வயிற்றுக்குள் பாப்பா தெரியும். இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை தன் கண்ணுக்குத் தெரிவதைவிட, தன் மனதுக்குத் தெரிந்ததையே வரைகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927-லேயே விளக்கினார்.

பத்து வயசுல என்னதான் ஆகுது?

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவென்ஃபெல்ட், 1947-ல் வெளியிட்ட நூலில் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்தார். ஏறக்குறைய 9 முதல் 12 வயது வரை உள்ள கட்டம் கொஞ்சம் சிக்கலானது. அதுவரை தாராளமாக வரைந்த குழந்தை, முதல்முறையாகத் தன் படத்தை விமர்சகர் போலப் பார்க்கத் தொடங்குகிறது. 'நாய் வரைஞ்சேன், ஆனா நாய் மாதிரியே இல்லையே' என்று ரப்பரால் அழிக்கும் வயது இது.

கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை. அந்த இடைவெளியைத் தாண்ட யாராவது சொல்லித்தர வேண்டும். யாரும் சொல்லித்தராவிட்டால் குழந்தை தானே ஒரு முடிவுக்கு வந்துவிடும்: 'எனக்கு டிராயிங் வராது.' பலருக்கு அந்த முடிவு ஆயுள் முழுக்க மாறுவதில்லை.

கணக்கில் இப்படி நடந்தால் உடனே டியூஷன் தேடுகிறோம். டிராயிங்கில் நடந்தால், 'அவனுக்கு அந்தத் திறமை இல்லை' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு பொருளின் உயரத்தையும் அகலத்தையும் பென்சிலால் அளந்து ஒப்பிடுவது, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும்படி வரைவது, வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து விழுகிறது என்று கவனிப்பது எல்லாம் வாய்ப்பாடு போலச் சொல்லித்தரக்கூடிய விஷயங்கள்தான்.

வரைந்தால் மார்க் ஏறுமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நேர்மையான பதில்: ஏறும் என்று உறுதி சொல்ல முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஓவியம் கற்பதால் மற்ற பாட மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. 'டிராயிங் கிளாஸ் போனால் பிரெயின் ஷார்ப் ஆகும்' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

அப்படின்னா என்ன கிடைக்கும்? அந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் உளவியலாளர் எலன் வின்னர். அவரும் சக ஆய்வாளர்களும் பாஸ்டன் பகுதியில் நல்ல ஓவிய வகுப்புகளுக்குள் உட்கார்ந்து கவனித்து, அங்கே எட்டு மனப்பழக்கங்கள் வளர்வதாக 2007-ல் எழுதினார்கள். உற்றுக் கவனிப்பது, சொதப்பினாலும் விடாமல் தொடர்வது, கண்முன் இல்லாததைக் கற்பனை செய்வது, தன் வேலையைத் தானே அலசுவது ஆகியவை அவற்றில் சில.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், எழுதிப் பார்த்த சொற்களைவிட வரைந்து பார்த்த சொற்கள் அதிகம் நினைவில் நின்றன. படம் அழகாக இருந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமாகவே இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஓவியம், இசை, நாடகம், நடனம் என்று கூடுதல் கலைக் கல்வி கொடுத்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் மாணவர்களின் பங்கு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் திறன் மதிப்பெண் சற்றுக் கூடியது. அடுத்தவர் மீதான அக்கறையும் கூடியது.

நம்ம ஸ்கூல்ல டிராயிங் பீரியட் எங்கே?

டைம் டேபிளில் இருக்கும். ஆனால் போர்ஷன் முடியவில்லை என்றால் கணக்கு சார் முதலில் கடன் கேட்பது அந்தப் பீரியடைத்தான். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100-க்கு மேல் மாணவர்கள் இருந்தால், கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் இருக்க வேண்டும். அதன் தொடர்ச்சியாகத் தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சட்டம் பேசும் இந்த நியமனம் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. 'எனக்கு வராது' என்று குழந்தை முடிவெடுப்பது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்பில். உதவி வந்து சேரும்போது பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சின்னக் குழந்தை என்றால், 'இது என்ன?' என்று கேட்பதைவிட 'இதுல என்ன நடக்குது, சொல்லு' என்று கேளுங்கள். யானை பச்சையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெரியவர்கள் கை வைத்துத் திருத்த வேண்டாம். கோடு தாண்டாமல் கலர் அடிக்கும் புத்தகம் மட்டும் போதாது, வெற்றுத் தாளும் வேண்டும். விலை உயர்ந்த கலர் பாக்ஸ் தேவையில்லை. சாக்பீஸ், கரித்துண்டு, ஒரு பக்கம் அச்சடித்த பழைய பேப்பர் போதும்.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் என்றால், 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகர்வது உதவாது. அந்த வயதில் குழந்தைக்குத் தன் படம் சூப்பர் இல்லை என்று தெரியும். டம்ளர், கரண்டி, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு என்று கண் முன்னால் இருக்கும் ஒரு பொருளை வையுங்கள். பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். 'அந்த வாய் வட்டமா தெரியுதா, நீள்வட்டமா தெரியுதா?' என்று கேளுங்கள். படத்தின் பின்னால் தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று குழந்தைக்கே புரியும்.

எல்லாக் குழந்தையும் ஓவியராக வேண்டிய அவசியம் இல்லை. பாட்டுக் கற்கும் எல்லோரும் மேடை ஏறுவதில்லையே! ஆனால் அடுத்த முறை 'சீனரி வரை' என்று சொன்னால், அந்த இரண்டு மலைக்குப் பதிலாக மொட்டை மாடி வாட்டர் டேங்க்கும் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியும் வரட்டும். குழந்தை தன் தெருவைத் தன் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.