நோவு முன்னே, நோய் பின்னே

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் தோட்டப் பாதைகளில் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டிகள் பல, காலம் கழிந்தபின் விலைக்கு வருகின்றன. குத்தகைக்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் சிறு நிலக்காரர்களும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். எஞ்சின் உறுதியானது, சுமை தாங்கும், உதிரிப்பொருள் எளிதில் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆயினும் வாங்கிய வாரத்திலேயே, "ஸ்டீரிங் என்னவோ போல் இருக்கிறது" என்று சொல்லத் தொடங்குபவர் உண்டு. அந்த 'என்னவோ' என்னும் ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் கண்ட உறுப்பையெல்லாம் மாற்றுபவர், வண்டியின் விலையில் பாதியைப் பட்டறையில் இழந்த பின்னும் நோயோடு ஓட்டுகிறார்.

பணம் போவதைக் காட்டிலும் பெரிய இழப்பும் இதில் உண்டு. குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மெர்சிங் செல்லும் சாலையில் எதிர்வரும் லாரிக்கும் பிக்கப்புக்கும் இடையே இருப்பது சில முழ இடைவெளிதான். முன்னறையில் ஐவர் அமர்ந்து, பின்தட்டில் செம்பனைக் குலைகள் ஏற்றிய வண்டி, அந்த இடத்தில் ஓட்டுநர் நினையாத பக்கம் ஒரு முழம் நகருமாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

நோயை அறியுமுன் உடலின் அமைப்பை அறிதல் வேண்டும். வண்டி வளையும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆதலின் உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கான இணைப்பு முறையைக் கண்டவர் ஜெர்மனியின் மூனிச் நகரில் குதிரை வண்டி கட்டிவந்த லாங்கன்ஸ்பெர்கர் என்பவர். இலண்டனில் படங்களும் நூல்களும் பதிப்பித்து வந்த ருடோல்ஃப் ஆக்கர்மன், 1818இல் அதற்கு இங்கிலாந்தில் உரிமைச் சீட்டுப் பெற்றார். முறைக்கு நிலைத்த பெயர் பதிப்பாளருடையதே. கண்டவர் பெயர் மறைந்தது. இது வண்டித் தொழிலில் மட்டும் நடப்பதன்று.

இன்றைய பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. பழைய பாரவண்டிகள் பலவற்றில் அவ்வாறன்று. 1988இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸில், நான்கு சக்கரமும் இழுக்கும் வகைகளுள் பலவற்றுக்கு முன்பக்கமும் ஒரே கெட்டியான அச்சுதான். அதைத் தாங்குவன ஸ்பிரிங் பட்டைகள். 2016ஆம் ஆண்டு வரை உற்பத்தியான பழைய வடிவ லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கும் முன்னும் பின்னும் கெட்டி அச்சே. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பினால், அதன் கீழுள்ள ஸ்டீரிங் பெட்டி ஒரு கையை அசைக்கிறது. அக்கை டிராக் லிங்க் என்னும் தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஒரு முன்சக்கரத்தைத் திருப்ப, டை ராட் என்னும் மற்றொரு தண்டு அடுத்த சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு குண்டும் குழியும், அதன்மேல் ஒரு ரப்பர் உறையும் உண்டு. தோட்டத்துச் செம்மண் மழைநீரோடு குழைந்து, கிழிந்த உறை வழியே புகுந்தால், சாணைக்கல்லைப் போல் மூட்டை அரைத்துவிடும். ஆண்டிறுதி மழைக்காலத்தைச் சேற்றிலேயே கழித்த வண்டியில் ரப்பர் உறைகளை முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இனி நோய்க்குறிகள். ஓட்டுநரைக் கேட்கும் கேள்வியிலேயே பாதி நோய் பிடிபடும். எப்போது நிகழ்கிறது? வேகத்திலா, பிரேக்கிலா, பள்ளத்திலா, சுமையோடா, வெறுமையிலா? இவற்றைக் கேளாமல் வண்டியை மேலே தூக்குபவர் நாடி பாராமல் மருந்து கொடுப்பவர்.

எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா? காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பின், முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்ட வேண்டும். இழுவை மறுபக்கம் மாறினால் குற்றம் டயருடையது. காசில்லாத சோதனை, ஆயினும் செய்பவர் மிகச் சிலர்.

பிரேக் மிதித்தால் மட்டும் ஒரு பக்கம் போகிறதா? பிரேக்கையே அனைவரும் குற்றம் சாட்டுவர், பெரும்பாலும் சரிதான். பிரேக் இரண்டும் ஒத்திருந்தும் இழுத்தால், ஸ்பிரிங் பட்டைகளைப் பார்க்க வேண்டும். பட்டை தளர்ந்த வண்டியில் கடுமையாகப் பிரேக் மிதிக்கும்போது அச்சு முன்னோக்கி முறுகுகிறது. டிராக் லிங்க்கின் ஒரு முனை சட்டத்திலுள்ள பெட்டியோடு நின்றுவிட, மறுமுனை அச்சோடு நகர்கிறது. கை அசையாமலே சக்கரம் திரும்புகிறது. அழகுக்காக வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டியவர்களின் வண்டிகளில் அத்தண்டு செங்குத்தாய்ச் சாய்ந்து நிற்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் இதே கோளாறு காட்டும். உயர்த்தும் செலவில் சிறுபகுதியைத் தண்டின் சாய்வைத் திருத்துவதற்கு ஒதுக்கியிருந்தால் அக்கோளாறு இராது.

அச்சம் தரும் குறி வேறொன்று. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டீரிங் கையை உதறும். வேகம் நன்கு குறைந்தாலன்றி நிற்காது. பேரங்காடித் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் சில வேளைகளில் நடுங்குவதைக் கண்டவர்களுக்கு இதன் தன்மை விளங்கும். 1920களில் மேனாட்டுக் கார்களைப் பெரிதும் வருத்திய இந்நோய்க்கு, அக்காலத்துக் குலுக்கு நடனம் ஒன்றின் பெயரான 'ஷிம்மி' என்பதையே இட்டனர். 1930களில் தனித்தனி முன்சக்கர அமைப்பு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். கெட்டி அச்சு உள்ள பெரிய பிக்கப்களில் இது இன்றும் தீரவில்லை. அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-250, எஃப்-350 வண்டிகளின் உரிமையாளர்கள் 2019இல் இதன் பொருட்டு வழக்குத் தொடுத்தனர்.

இந்நோய்க்குப் பட்டறைகள் பல தரும் மருந்து புதிய ஸ்டீரிங் டேம்பர். அதிர்வை உறிஞ்சும் குழாய் அது. மாட்டியவுடன் நடுக்கம் அடங்கும், உரிமையாளர் மகிழ்வார், சில மாதங்களில் நடுக்கம் திரும்பும். டேம்பர் நடுக்கத்தை அமுக்குமேயன்றி, நடுக்கத்துக்கு இடம் தந்த தேய்ந்த மூட்டையோ கிங் பின் பேரிங்கையோ சமன் தவறிய டயரையோ திருத்தாது. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டாற் போன்றது. விற்பனைக்கு வந்த பழைய வண்டியில் மற்றெல்லாம் சேறு படிந்திருக்க, டேம்பர் மட்டும் புத்தம்புதிதாய் மின்னுமாயின் வாங்குபவர் மகிழாமல் ஐயுற வேண்டும்.

நடுக்கம் தொடங்கிவிட்டால் ஓட்டுநர் செய்யத்தக்கது: ஸ்டீரிங்கை உறுதியாய்ப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரங்கட்டுதல். திருப்பி எதிர்க்க முயலலாகாது.

தேய்வைக் கண்டுபிடிக்க இருவர் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் இட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின், ஒருவர் ஸ்டீரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டின்மீதும் கை வைத்துப் பார்த்துச் செல்ல வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டே தேய்ந்த மூட்டு. பெட்டியே சட்டத்தின்மீது அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்கும். அல்லது சட்டத்தில் விரிசல் இருக்கும். ஸ்டீரிங் விளிம்பில் ஓரளவு வெற்றசைவு இயல்பானதே. டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பல அதற்கு 30 மில்லிமீட்டர் எல்லை வகுக்கின்றன. பெட்டியின் திருகை முறுக்கி அவ்வசைவை ஒழிக்க முயல்வது பெருந்தவறு. அதனால் ஸ்டீரிங் நடுவில் இறுகி, வளைவுக்குப் பின் தானே நேராகாது. ஒரு நோயை இரண்டாக்கியதே மிச்சம்.

பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சைத் தாங்குகட்டையின்மேல் அமர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் மறைந்தால் சக்கரப் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் பேரிங். இதற்கு ஒரு கருவியும் வேண்டா.

இத்தனையும் செய்து, முன்பக்கம் முழுவதும் சரியென்று கண்ட பின்னும் வண்டி அலைந்தால்? இவ்விடத்தில்தான் பலர் தோற்கின்றனர். எண்ணெய் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, காலை எடுத்தால் மறுபக்கம் சாய்கிறது என்று ஓட்டுநர் சொல்வாராயின், முன்சக்கரங்களை விட்டுப் பின்னே செல்ல வேண்டும். பின்அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு பிணைப்பன யூ போல்ட்டுகள். அச்சை உரிய இடத்தில் நிறுத்துவது பட்டைகளின் நடுவேயுள்ள சென்டர் போல்ட். அளவுக்கு மீறிய சுமையால் வலப்பக்க யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட்டும் முறிந்ததாகக் கொள்வோம். எண்ணெய் மிதிக்கையில் வலப்பின் சக்கரம் சற்று முன்னே நகரும். வண்டியின் வால் இடப்பக்கம் செல்ல, மூக்கு வலப்பக்கம் திரும்பும். காலை எடுத்தால் சக்கரம் பின்னகர்ந்து மூக்கு இடப்பக்கம் வரும். பின்சக்கரங்களே ஸ்டீரிங் பிடிக்கின்றன; ஓட்டுநர் கையிலிருப்பதோ முன்சக்கரங்கள்.

இதைக் கண்டறிய ஓர் அளவுநாடா போதும். சக்கரங்களை நேராக்கி, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும். அச்சும் பட்டையும் சேருமிடத்தில் துருக்கோடுகளோ உராய்ந்து பளபளக்கும் தடமோ தெரிந்தால் ஐயம் உறுதிப்படும். ஷாக்கிள் புஷ்கள் தேய்ந்தாலும் இதே குறி, அளவில் சிறிதாய்த் தோன்றும்.

பழைய வண்டி கைமாறும்போது நிகழும் அரசுப் பரிசோதனை இதைக் காட்டிவிடும் என்று நம்புவாரும் உளர். 1994இல் தோன்றிய புஸ்பாகோம் நிலையங்களில் அடிப்பாகம் பார்க்கப்படுகிறது. முன்சக்கரங்களின் பக்கநழுவலும் அளக்கப்படுகிறது. அச்சோதனை தேவையானதே. எனினும் மெதுவாக ஊர்ந்து செல்லும் வெறும் வண்டியில், சுமையோடும் வேகத்தோடும் மட்டுமே வெளிப்படும் நோய் ஒளிந்துகொள்ள இடமுண்டு. வாங்குபவர் தோட்டப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும், முடிந்தால் சிறிது சுமையேற்றியும் ஓட்டிப் பார்த்தல் நலம்.

பழுது பார்க்கையிலும் வரிசை உண்டு. டயர், மூட்டுகள், பேரிங், பின்அச்சு ஆகியவை முடிந்த பின்னரே சக்கர அலைன்மென்ட் செய்ய வேண்டும். தேய்ந்த மூட்டோடு செய்த அலைன்மென்ட் பட்டறை வாசலைத் தாண்டுமுன் மாறிவிடும். கழற்றிய யூ போல்ட்டுகள் நீண்டு போனவை. அவற்றையே திரும்பப் பூட்டாமல் புதியவற்றைக் கையேடு சொல்லும் முறுக்கத்தில் இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் ஒருமுறை இறுக்க வேண்டும்.