யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

தச்சநல்லூரில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையை இறக்கி, ஒரு வாய் காப்பி குடித்த கையோடு டியூஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பகலெல்லாம் பெஞ்சில் இருந்த பிள்ளை, சாயங்காலம் பாயில் உட்காருகிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் அந்த அளவை எட்டுவதில்லை.

விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 7 முதல் 9 வயதுள்ள 221 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் ஒன்பது மாதம், பள்ளி முடிந்ததும் தினம் 2 மணி நேர உடற்பயிற்சி வகுப்பில் ஓடியாடினார்கள். கவனம் சிதறாமல் இருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவதிலும் அவர்களே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 2014இல் வெளியான முடிவு இது.

ஆனால் மைதானத்தில் விட்டாலே பிள்ளை ஓடிவிடும் என்பதில்லை. கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணியில் களத்தில் 9 பேர். அதில் 8 பேர் குந்தியிருக்க, ஒருவர்தான் ஓடுகிறார். எதிரணியிலும் ஒரு நேரத்தில் மூவர்தான் உள்ளே. கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்கும் பொடியனுக்குப் பந்து வருவதே அபூர்வம். மைக்கேல் பீட்ஸ் முதலான ஆய்வாளர்கள் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளுக்குச் சொன்ன யோசனையும் இதைத்தான் தொடுகிறது: வரிசையில் காக்க வைக்காதீர்கள், அவுட் ஆக்கி உட்கார வைக்காதீர்கள், அணிகளைச் சின்னதாக்குங்கள். முதலில் அவுட் ஆகிறவர் பெரும்பாலும் ஓட்டம் வராத பிள்ளை. ஓட வேண்டியவரே அவர்தான்!

நம் கிளித்தட்டு இதற்கு வாகானது. கோட்டுக்கு ஒருவர் மறிக்க, 'கிளி' நடுக்கோட்டில் ஓடித் தொட வர, உள்ளே நுழைந்தவர்கள் ஒதுங்கி, எட்டிப் பாய்ந்து போக வேண்டும். தொடப்பட்டவரை வெளியே அனுப்பாமல் முதல் கோட்டிலிருந்து மறுபடி வரச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றம் போதும். சுண்ணாம்புக் கோடு தவிரச் செலவில்லை.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் பெண் பிள்ளைகள் பற்றியது. உடல் கிடுகிடுவென வளரும் அந்த இரண்டு ஆண்டுகளில், வளர்ந்தபின் உடம்பில் இருக்கப்போகும் எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் எலும்பை உறுதியாக்கும் வயது அது. "பெரிய மனுஷி ஆயிட்டா, தெருவுல என்ன ஆட்டம்?" என்று நாம் நிறுத்துவதும் அதே வயதில்தான்.

2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மாலை நேரக் கல்வித் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி', மாலை 5 முதல் 7 மணிக்குள் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்ட முடியும் என்று காட்டியது. டியூஷன் எடுக்கும் அக்காமார்களே, புத்தகத்தைத் திறக்குமுன் முதல் அரை மணி நேரத்தை விளையாட்டுக்குக் கொடுங்கள். பெண் பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள்.