ஒருமுறை மட்டும் ஓடும் ஓடை

கடிதமோ படமோ பாட்டோ, கணினிக்குள் போனால் எல்லாம் 0, 1 என்ற பிட்டுகளின் வரிசைதான். அந்த வரிசையின் ஒவ்வொரு பிட்டோடும் ரகசியமான இன்னொரு பிட்டைச் சேர்த்து உருமாற்றுவது ஓடை மறையாக்கம். நிரலாளர்கள் ஸ்ட்ரீம் சைஃபர் என்பார்கள். சேர்க்கும் விதிக்கு எக்ஸார் என்று பெயர். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் விடை 0, வேறாக இருந்தால் 1. சி, ஜாவா, பைத்தான் மூன்றிலும் இதற்கு ^ என்ற ஒரே குறி.

‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. முதல் பைட் 224 இரும எண்ணில் 11100000. ரகசிய பைட் 01011010 என்றால் எக்ஸார் செய்து கிடைப்பது 10111010. அதனோடு அதே ரகசிய பைட்டை மறுபடி எக்ஸார் செய்தால் 11100000 திரும்பி வந்துவிடும். பூட்டவும் திறக்கவும் ஒரே நிரல். நாலைந்து வரிக்குள் முடிந்துவிடும். ரகசிய பைட்டுகளை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் சிக்கலே.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனப் பொறியாளர் கில்பர்ட் வெர்னாம் 1917இல் தொலை அச்சுப்பொறிக்கு இந்த முறையை வகுத்தபோது, அந்த ரகசிய வரிசை, அதாவது சாவி, துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. சாவி முழுக்க எழுந்தமானமாக, செய்தியின் நீளத்துக்குக் குறையாமல், ஒரே முறை பயன்படுவதாக இருந்தால் அதை உடைக்கவே முடியாது என்று கிளாட் ஷானன் 1949இல் கணித வழியில் நிறுவினார். ஆனால் ஒரு ஜிபி கோப்புக்கு ஒரு ஜிபி சாவியை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு நம்பகமான வழி எப்போதும் கையில் இருந்தால் கோப்பையே அதில் அனுப்பிவிடலாம்.

ஆகவே மென்பொருள் ஒரு சிறிய சாவியிலிருந்து நீண்ட சாவியோடையைப் பெருக்கிக்கொள்கிறது. மொழியோடு வரும் சாதாரண எழுந்தமான எண் கருவியை இதற்கு எடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பைத்தானில் இருக்கும் மெர்சன் ட்விஸ்டர் தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624 கிடைத்தால், இனி வரப்போகும் எல்லா எண்களையும் சொல்லிவிடலாம். 1987இல் ரான் ரிவெஸ்ட் உருவாக்கிய ஆர்சி4, 0 முதல் 255 வரையான எண்களைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துக்கொண்டே ஒவ்வொரு பைட்டாக வெளியிட்டது. எளிமையாலும் வேகத்தாலும் எங்கும் பரவியது. அதன் இரண்டாவது பைட், இருக்க வேண்டியதைப்போல இரு மடங்கு அடிக்கடி 0 ஆக வருவதை 2001இல் மேன்டினும் ஷமிரும் காட்டினார்கள். இணையப் பாதுகாப்பு நெறிமுறையான டிஎல்எஸ்ஸில் 2015இல் அதற்குத் தடை வந்தது.

இன்று பரவலாக இருப்பது டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட சாச்சா குடும்பத்தின் சாச்சா20. நாலுக்கு நாலு கட்டத்தில் 32 பிட் எண்கள் பதினாறு: நான்கு மாறிலிகள், எட்டில் சாவி, ஒன்றில் வரிசை எண், மூன்றில் ‘நான்ஸ்’ எனும் ஒருமுறை எண். கூட்டல், எக்ஸார், பிட் சுழற்றல் ஆகிய மூன்றை மட்டும் வைத்து 20 சுற்று கலக்கி, தொடக்கக் கட்டத்தையே அதனோடு கூட்டினால் 64 பைட் சாவியோடை தயார். கடைசிக் கூட்டல் இல்லாவிட்டால் சுற்றுகளைப் பின்னோக்கி ஓட்டிச் சாவியைப் பிடித்துவிடலாம்.

எவ்வளவு நல்ல ஓடையானாலும் இரண்டாம் முறை ஓடினால் ரகசியம் போய்விடும். ஒரே ஓடையில் பூட்டிய இரண்டு செய்திகளை எக்ஸார் செய்தால் சாவி தானாக அடிபட்டு, இரண்டு மூலங்களின் எக்ஸார் மட்டும் மிஞ்சும். தமிழ் உரையில் இது இன்னும் மோசம். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இரண்டு உரைகளின் எழுத்துகள் நேருக்கு நேர் அமைந்தால் முதல் இடத்தில் 0, அடுத்த இடத்தில் 0 அல்லது 1. ஊகிக்க எஞ்சுவது மூன்றில் ஒரு பைட்தான்.

1940களில் சோவியத் ஒன்றியத்தின் ஒருமுறைச் சாவித் தாள்களில் சில பக்கங்கள் இரட்டையாக அச்சாயின. அந்தப் பிசகைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவின் வெனோனா திட்டம் அவர்களுடைய தந்திகளைப் படித்தது. பழைய வைஃபையின் வெப் என்ற பாதுகாப்பு முறையிலும் அதே கதை. பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற வேண்டிய எண்ணுக்கு 24 பிட்தான் இடம். எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் ஏறத்தாழ 5,000 பாக்கெட்டுக்குள் ஒன்று திரும்பி வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாச்சா20இன் இணையத் தரத்தில் நான்ஸுக்கு 96 பிட் உண்டு. அதையும் நிலையான எண்ணாக நிரலில் எழுதிவைத்து, ஒரே சாவியோடு ஒவ்வொரு செய்திக்கும் பயன்படுத்துபவரைப் பிட் எண்ணிக்கை காப்பாற்றாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. செய்தியைப் படிக்க முடியாதவரும் அதைத் திருத்த முடியும். ‘1’ என்ற இலக்கத்தின் பைட் 00110001, ‘9’இன் பைட் 00111001. மறைந்த நிலையிலேயே அந்த ஒரு பிட்டைத் திருப்பினால், திறப்பவருக்கு 1000 ரூபாய் 9000 ஆகத் தெரியும். அதனால் சாச்சா20ஐத் தனியே விடாமல் பாலி1305 என்ற சரிபார்ப்பு முத்திரையோடு சேர்த்தே நிரல் நூலகங்கள் பெரும்பாலும் தருகின்றன. 16 பைட் நீளமுள்ள அந்த முத்திரை பொருந்தாவிட்டால், பெறும் நிரல் எந்தப் பைட்டையும் வெளியே கொடுக்காமல் செய்தியைத் தள்ளிவிட வேண்டும்.