மதிப்பெண் குறைந்தால் மருத்துவக் கனவு முடிந்துவிடுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு மார்க்?" என்பதுதான். தொண்ணூறு விழுக்காட்டை எதிர்பார்த்த பிள்ளை அறுபத்தைந்தோடு வந்து நின்றால், "இனி டாக்டர் படிப்பை மறந்துவிடு" என்று தந்தை தீர்ப்பு வழங்கிவிடுகிறார். அப்பிள்ளை மகளாக இருந்துவிட்டாலோ, மாப்பிள்ளை தேடும் படலமே தொடங்கிவிடுகிறது. இத்தீர்ப்பு சரியானதுதானா? சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

பெற்றோர் பலர் பழைய நடைமுறையை மனத்திற்கொண்டே பேசுகின்றனர். தமிழகத்தில் 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிட்டனர். ஓரிரு மதிப்பெண் குறைந்தாலும் வாய்ப்பு கைநழுவிய காலம் அது. 2017 முதல் நிலைமை மாறிவிட்டது. இன்று தரவரிசை நீட் மதிப்பெண்ணைக் கொண்டே அமைகிறது. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தேர்ச்சியும், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருந்தால் போதும். ஆகவே, அறுபத்தைந்து பெற்ற பிள்ளைக்குக் கதவு அடைபடவில்லை.

நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720. வினாக்கள் 180. அவற்றுள் சரிபாதியான 90 வினாக்கள் உயிரியலிலிருந்தே வருகின்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். தமிழிலேயே எழுதலாம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. முதல் முயற்சியில் தவறியவர் மறுமுறை எழுதுவதில் இழிவேதும் இல்லை. ஆனால், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் இழந்தோம் என்று கணக்கிட்டுப் பார்த்து, அதை ஈடுசெய்ய இயலும் என்ற நம்பிக்கை பிறந்தால் மட்டுமே ஓராண்டை அதற்கென ஒதுக்க வேண்டும். அண்டை வீட்டார் பெருமைக்காக ஆண்டுகளை வீணாக்குவது பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகும்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நீட்டில் "தகுதி பெறுவது" வேறு. "இடம் பெறுவது" வேறு. 2025இல் பிற்படுத்தப்பட்டோர் தகுதி பெற 113 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. அம்மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

நமக்குரிய வாய்ப்புகளையும் அறிந்துகொள்வோம். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, மாப்பிள்ளை, சேக், சையத், அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினரே இதற்குரியோர். சாதிச் சான்றிதழில் இப்பிரிவு தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கலந்தாய்வு தொடங்கிய பின் தாலுகா அலுவலகத்திற்கு ஓடுவதில் பயனில்லை. வளைகுடாவில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோர் இருப்பிடச் சான்றையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்வது நலம். அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உள்ளது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்பதைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே நினைவிற்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் கவலையை முதலீடாக்கத் தரகர்கள் காத்திருக்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீடாயினும், வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடாயினும், நீட் தகுதியும் கலந்தாய்வும் இன்றி எம்.பி.பி.எஸ். சேர்க்கை இல்லை. "இத்தனை இலட்சம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் மனைவியின் நகையை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டுக் கலங்காதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் நீட் தகுதி கட்டாயம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடைபெற வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அப்பட்டம் அந்நாட்டில் மருத்துவம் பார்க்கும் உரிமையையும் தரவேண்டும். திரும்பியபின் 300 மதிப்பெண்ணுக்கு நடைபெறும் தேர்வில் 150 எடுத்தால்தான் இங்கு மேற்செல்ல இயலும். அத்தேர்வில் தேறுவோரைவிடத் தவறுவோரே மிகுதி. இவற்றை விசாரிக்காமல் விமானம் ஏற்றிவிடுவது பொறுப்புள்ள செயலாகாது.

எம்.பி.பி.எஸ். ஒன்றே மருத்துவமன்று. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ளன; இவற்றுக்கும் நீட் தகுதி தேவை. செவிலியர், மருந்தியல் பட்டப்படிப்புகளுக்குத் தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையாக உள்ளது. எனவே, நீட்டுக்காகப் பள்ளிப் பாடத்தை அலட்சியம் செய்யும் பிள்ளை, இவ்வாசலையும் தானே அடைத்துக்கொள்கிறது.

இறுதியாக ஒன்று. பிரசவ அறைக்குப் பெண் மருத்துவரையே தேடுகிறோம். நம் மகள் மறுமுறை தேர்வெழுத ஓராண்டு அவகாசம் கேட்டால் மறுக்கிறோம். இது நியாயமாகுமா? மதிப்பெண் பட்டியலைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதாமல், பிள்ளையை அருகில் அமர்த்தி, ஆற்றலையும் விருப்பத்தையும் கேட்டறிந்து, கலந்து முடிவெடுங்கள். அம்முடிவு எதுவாயினும் நன்மையாகவே அமையும், இன்ஷா அல்லாஹ்.