கவ்வாத்துக் கத்திக்குப் பிடி

இலங்கையின் ஊவா மலைத்தோட்டங்களில் கவ்வாத்து ஆண்டுதோறும் ஒரே மலையில் நடப்பதில்லை. ஒரு தேயிலைத் தூருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதன் முறை வரும். அப்போது பெருவிரல் தடிப்புள்ள கிளைகளை ஒரே வீச்சில், சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டியாக வேண்டும். வெட்டும் கணத்தில் கத்தி கைக்குள் சற்றே புரண்டாலும் கிளை பிளக்கும். பிளந்த வாயில் தண்ணீர் இறங்கி அழுகல் அடிக்கட்டைவரை போகும். கத்தி புரளாமல் காப்பது பிடி.

அதனால் பிடி உருண்டையாக இருக்கக் கூடாது. கோழிமுட்டையின் வடிவில், அலகின் முதுகுப் பக்கம் அகன்றும் வாய்ப் பக்கம் ஒடுங்கியும் இருந்தால், கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். பிடியின் கடைமுனையில் ஒரு சிறு குமிழ் விட்டால் வியர்த்த கையிலிருந்து கத்தி பறக்காது.

தோட்டத்தில் எளிதாகக் கிடைப்பது சவுக்கு, அதாவது நிழலுக்கு வளர்க்கும் கிரேவிலியா. விறகுக்கு நல்லது, பிடிக்கு மென்மை. அல்பீசியா அதைவிட மோசம். கொய்யாவும் கோப்பியும் நெருங்கிய நாருள்ள கெட்டி மரங்கள். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகே தேயிலை இம்மலைகளைப் பிடித்தது. பதுளைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் கோப்பி இன்னும் நிற்கிறது. தேயிலையை வெட்டும் கத்திக்குக் கோப்பி பிடி கொடுப்பது பொருத்தம்தான். எந்த மரமானாலும் நடுக்குருத்தைத் தவிர்த்து, நார் நெடுக ஓடும்படி பிளந்தெடுத்த துண்டாக இருக்க வேண்டும். நார் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில் பிடி முறியும். பச்சை மரத்தை நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் முனை வெடிக்கும்.

கழுத்தில் முதலில் பூண் ஏறும். பழைய தண்ணீர்க் குழாயில் அறுத்த ஒரு துண்டு போதும். பிறகு பிடிக்குள் செல்லும் அலகின் வாலைவிடச் சற்று ஒடுங்கிய துளை போட்டு, வாலின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி உள்ளே விட்டுவிட்டு எடுத்தால், வாலின் வடிவத்துக்கே துளை கரிந்து அமையும். அப்போது அலகில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். சூடு ஏறினால் கூரின் பதம் போய்விடும். துளையில் அரக்குத் தூளை இட்டு, சூடான வாலைச் செருகி, அலகு கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு பிடியின் முனையை மரச்சுத்தியலால் தட்டினால், கனத்த அலகு நின்ற இடத்தில் நிற்க, பிடி இறங்கி வாலை விழுங்கும்.

இத்தனை செய்தும் ஊவாவில் பிடி கழலும். காரணம் காற்று. தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர்வரை வறண்டு இப்பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் வாசனை இந்தக் காற்றில்தான் ஏறுகிறது. அதே காற்று பிடியின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கே சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கான திசையைப்போல் சுமார் இரு மடங்கு சுருங்கும். அதனால் பூணுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இடைவெளி விழாது. இரண்டு பக்கம் பிடித்திருக்க, மற்ற இரண்டில் ஆடும்.

இதற்குத் தோட்டங்களில் வழக்கமான வைத்தியம், கத்தியை இரவில் தண்ணீர் வாளியில் போட்டுவைப்பது. காலையில் பிடி கல்லாக இறுகியிருக்கும். ஆனால் ஊதிய மரத்துக்குப் பூண் இடம் தராததால் ஓரத்து நார்கள் நசுங்கிவிடுகின்றன. நசுங்கிய நார் காய்ந்தபின் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு ஊறலுக்குப் பிறகும் பிடி முன்னைவிடத் தளர்வாகிறது. வாலும் உள்ளே துருவேறுகிறது. கூர்மையை மட்டும் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்புகிறவர்கள் பிடியைப் பார்ப்பதில்லை. கிளை பிளந்தால் பழி கவ்வாத்துக்காரரின் கைமேல் விழுகிறது.

பூணை வறண்ட காற்று அடிக்கும் மாதத்திலேயே ஏற்றுவது மேல். அப்போது மரம் மிகச் சிறுத்திருக்கும். பின்னால் வரும் மழைக்காலத்தில் சற்றே ஊதிப் பூணை நிரப்பும். மழையில் ஏற்றிய பூண் அடுத்த காற்றுக்கே கழன்றுவிடும். பிடி முழுவதையும் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழுவழுப்பாக்கியபின் தேன்மெழுகைச் சூடாக்கிப் பூச வேண்டும். நார் முனைகள் திறந்திருக்கும் கடைமுனைக்கு இரண்டு பூச்சு வேண்டும். ஈரம் மிக வேகமாக ஏறி இறங்குவது அந்த முனையில்தான்.