கீறிய வழியே செல்லும் ஊசி

இசைத்தட்டின் மூலத்தகட்டில் ஒலிச்சால் கீறும் ஊசி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டிலே நகர்கின்றது. நம் வீடுகளிற் காணும் கருவிகளின் கையோ, ஒரு முனையிற் பொருத்தப்பெற்று வட்டவில்லாகச் செல்வது. ஆதலின், கீறிய ஊசியும் படிக்கும் ஊசியும் ஒரே கோணத்தில் நிற்பதில்லை. கையை வளைத்து அமைப்பினும் இரண்டே இடங்களில்தான் பிழை முற்றும் நீங்கும். ஏனைய இடங்களில் ஒலி சிறிது திரியும்.

இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகள் பல. அவற்றுட் பெயர்பெற்றது, டென்மார்க்கின் பாங் அன்ட் ஒலுஃப்சன் நிறுவனத்தார் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட பியோகிராம் 4000. அதன் கை நேர்கோட்டில் ஊர்வது. ஒலிச்சாலின் வழியே ஊசி உள்நோக்கிச் செல்லக் கை இம்மியளவு சாயும். அச்சாய்வை ஒளியுணர் கருவி கண்டுகொள்ளும். உடனே மோட்டார் கையின் அடிப்பகுதியை நகர்த்திச் சீராக்கும்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது இதுவே. பிழையே நேராத கருவியன்று அது. நேர்ந்த பிழையைக் கணந்தோறும் உணர்ந்து திருந்துங் கருவி. பழைய நூல்களுக்கு உரை காண்போர்க்கும், அவற்றைக் கற்பிப்போர்க்கும் இதனினும் நல்லதோர் உவமையை யான் அறியேன். நூலாசிரியன் சென்ற வழியினின்று நம் கருத்து விலகுதல் இயல்பு. விலகியதை உணராதிருத்தலே குற்றம்.