எலி செத்தது எதற்காக?

"எலிக்குப் பரிந்து எழுத வந்துவிட்டீர்களே, வேறு வேலையில்லையா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். வாங்கும் கூலி வாய்க்கும் வயிற்றுக்கும் எட்டவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாளை வேலை உண்டோ இல்லையோ தெரியவில்லை. இந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்து எலியின் நலமா என்று நகைக்கலாம். நகைக்கட்டும்! நகைத்து முடித்தபின் நம்மோடு கும்மிடிப்பூண்டி வரை வரட்டும்.

சிப்காட் வட்டாரத்திலே இரசாயனப் பீப்பாய்களை உருட்டுகிறானே தொழிலாளி, அந்தச் சரக்கோடு பாதுகாப்புத் தாள் ஒன்று வரும். பொடி எழுத்து, ஆங்கில எழுத்து. நடுவிலே ஓர் எண். அந்த எண் வானத்திலிருந்தா வந்தது? இல்லை தோழர்களே, எலியின் உயிரிலிருந்து வந்தது!

1927ஆம் ஆண்டில் டிரெவன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு முறை வகுத்தார். விலங்குகளுக்கு நஞ்சைக் கொடுப்பது. எந்த அளவில் சரிபாதி சாகின்றனவோ, அந்த அளவைக் குறித்துக்கொள்வது. அந்தக் கணக்கை வைத்துத்தான் பூச்சிமருந்துப் புட்டிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் தீட்டினார்கள். உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம் உள்ளே போனாலே பாதி மடியும் என்றால் சிவப்பு. 5000க்கு மேல் போனால்தான் மடியும் என்றால் பச்சை.

எலி செத்தது. சாகும்போது, "மனிதனே, இதை முகராதே, தொடாதே" என்று சேதி சொல்லிவிட்டுச் செத்தது. அந்தச் சேதி உரியவன் காதுக்கு வந்ததா?

போபாலைக் கேளுங்கள்! மெத்தில் ஐசோசயனேட் என்ற நஞ்சை எலி முதலான விலங்குகளிடம் சோதித்து, அதன் கொடுமையை 1964இலேயே செருமானிய அறிஞர் இருவர் வெளியிட்டனர். இருபதாண்டு கழிந்தது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு, அதே நஞ்சு போபால் நகரக் காற்றிலே கலந்தது. ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். எலி சொன்ன சேதி ஏட்டிலே தூங்கிற்று. ஏழை, குடிசையிலே தூங்கினான். சேதி எழவில்லை, அவனும் எழவில்லை! அதற்குப் பிறகுதான், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்து இன்னதென்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள்.

எலிக்குச் சட்டமே இல்லையா? உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனி மசோதாவின் வழியே பிறந்தது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். வலி தெரியாமல் மயக்கமருந்து கொடு. சோதனைக்கு முன்னும் பின்னும் பேணு. சிற்றுயிர் போதுமென்றால் பேருயிரைத் தொடாதே என்றெல்லாம் அதன் 17ஆம் பிரிவு வழி காட்டுகிறது. மேற்பார்வைக் குழுவின் ஆணையை மீறினால் தண்டம்? அதிக அளவு 200 ரூபாய்! ஒரு நாள் கூலிக்கும் கீழே!

நாளைக்கே எல்லாச் சோதனையும் நிற்கட்டும் என்று நாம் முழங்கவில்லை. திருவள்ளூர் வயலிலே நாகம் தீண்டியவனை மீட்கும் மருந்து குதிரையின் குருதியிலிருந்து வருவதை நாம் அறிவோம். ஆனால், வதைக்காமலும் வழியுண்டு. மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி என்று ரசல், பர்ச் என்ற இரு அறிஞர்கள் 1959இலேயே எழுதினர். டிரெவன் வழிவந்த பழைய முறையை உலக நாடுகளின் சோதனை நெறிகளிலிருந்து 2002இல் நீக்கினர். குறைந்த விலங்குகளைக் கொண்டே கணிக்கும் முறைகள் வந்தன. அழகுப்பொருளுக்காக விலங்கை வதைப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது.

கும்மிடிப்பூண்டி போகும் சாலையிலே மாதவரம் வருகிறது. அங்கே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வக விலங்கு மருத்துவத்துக்கென்றே ஒரு துறை வைத்திருக்கிறது. ஏன்? கூண்டிலே நெரிசல், புழுக்கம், நோய் இருந்தால், அந்த எலியின் உடல் பொய்க்கணக்குச் சொல்லும். பொய்க்கணக்கை நம்பிப் பீப்பாய் உருட்டுபவன் யார்? நம் தோழன்! எலியின் நலம் அவன் நலத்தோடு பின்னிக்கிடக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. அந்த 200 ரூபாய்த் தண்டம் உயரட்டும். ஆய்வுக்கூடங்களின் நெறிக்குழுவில் அறிவியலாளரல்லாத சமூக உணர்வாளர் ஒருவருக்கு இடம் உண்டே, அந்த நாற்காலியில் உழைப்பாளியும் உட்காரட்டும். பாதுகாப்புத் தாள் தமிழிலே அச்சாகி, ஆலைச் சுவரிலே ஒட்டப்படட்டும்.

கன்றை இழந்த பசு மணியடித்தது. மனுநீதிச் சோழன் வந்தான் என்பது கதை. கூண்டிலே கிடக்கும் எலிக்குக் கயிறு எட்டாது. உனக்கு எட்டும், தோழா! நாளை வேலைக்குப் போனதும் முதல் கேள்வியாகக் கேள்: "இந்தப் பீப்பாயில் இருப்பது என்ன? எலி என்ன சொல்லிச் செத்தது?"

கேட்காவிட்டால் எலியின் சாவு வீண். அடுத்த எலி, நாம்தான்!